நெப்டியூன் கோப்பு: பதில் போகாத இரண்டு கடிதங்கள்

நெப்டியூன் கண்டுபிடிக்கப்பட்ட கதையைக் கொஞ்சம் ஆர்வத்தோடு படித்தவர்கள் எல்லோரும் அநேகமாக ஒரே வடிவத்தில்தான் கேட்டிருப்பார்கள். கேம்பிரிட்ஜில் ஜான் கவுச் ஆடம்ஸ் என்ற கூச்ச சுபாவமுள்ள இளைஞர் கணக்குப் போட்டு புதுக் கிரகம் எங்கே இருக்கும் என்று முதலில் சொன்னார், கிரீனிச் வானாய்வகத் தலைவர் ஜார்ஜ் பிடெல் எய்ரி அந்தக் காகிதத்தை மதிக்காமல் ஓரமாகப் போட்டுவிட்டார், அதற்குள் பிரான்சில் லெவெரியே என்ற வானியலாளர் முந்திக்கொண்டார். நானும் ரொம்ப நாள் இப்படித்தான் நம்பியிருந்தேன். ஆனால் அந்தக் கடிதங்களைத் தேதி வாரியாக ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தால் இந்தக் கதை பாதியிலேயே உதிர்ந்துவிடுகிறது. எய்ரி மேல் தப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. தப்பு இருக்கிறது. ஆனால் அது எல்லோரும் கைகாட்டும் 1845 நவம்பரில் இல்லை, 1846 ஜூன் கடைசி வாரத்தில் இருக்கிறது.

தேதி வாரியாகப் பார்க்க முடிவதற்கே காரணம் எய்ரிதான். 1835 முதல் 1881 வரை 46 ஆண்டுகள் இங்கிலாந்தின் அரச வானியலாளராக இருந்தவர், தனக்கு வந்த கடிதத்தை மட்டுமல்ல, தான் அனுப்பியதற்கும் நகல் எடுத்து, துளை போட்டு, பொருள் வாரியாகக் கட்டிவைத்தவர். ரசீது, குறிப்புச் சீட்டு, கணக்குப் போட்ட தாள், எதையும் தூக்கிப் போடமாட்டார். இந்தப் பழக்கத்தைப் பற்றி அவர் காலத்திலேயே பலவிதமாகப் பேசிக்கொண்டார்கள். ஆனால் அவர் மேல் குற்றம் சாட்ட வேண்டிய ஆதாரத்தையும் அவரேதான் பத்திரமாகக் கட்டிவைத்திருந்தார் என்பதை இந்த வழக்கைப் படிக்கும்போது மறக்கக்கூடாது. பின்னால் எங்கெங்கோ சுற்றி வந்த அந்தக் கட்டுதான் நெப்டியூன் கோப்பு.

முதலில் சிக்கல் என்ன என்று பார்த்துவிடுவோம். 1781 மார்ச் 13 அன்று வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டுபிடித்தார். அப்புறம் பழைய நட்சத்திரப் பட்டியல்களைப் புரட்டினால் அதற்கு முன்பே பலர் அதை நட்சத்திரம் என்று நினைத்துக் குறித்து வைத்திருந்தது தெரிந்தது. ஆங்கிலேய வானியலாளர் ஃபிளாம்ஸ்டீட் 1690லேயே பார்த்திருந்தார். இந்தப் பழைய குறிப்புகளையும் புதிய குறிப்புகளையும் சேர்த்து ஒரே பாதையில் பொருத்தப் பார்த்த பாரிஸ் வானியலாளர் அலெக்ஸி புவாருக்கு அது முடியவில்லை. பழையவற்றை ஒதுக்கிவிட்டு 1821இல் புது அட்டவணை போட்டார், சில ஆண்டுகளிலேயே அதையும் யுரேனஸ் மீறத் தொடங்கியது. 1840களின் நடுவில் அட்டவணை சொன்ன இடத்துக்கும் கிரகம் உண்மையில் நின்ற இடத்துக்கும் இருந்த விலகல் முழுநிலவின் அகலத்தில் சுமார் பதினைந்தில் ஒரு பங்கு. கண்ணுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் நியூட்டனின் விதியை வைத்துக் கிரகங்களை இம்மி பிசகாமல் கணித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது தூக்கத்தைக் கெடுக்கும் அளவு.

வெளியே இன்னொரு கிரகம் இருந்து யுரேனஸை இழுக்கிறதோ என்ற யோசனை யாரோ ஒரு மேதைக்கு மட்டும் உதித்தது அல்ல. 1834 நவம்பரில் கென்ட் மாவட்டத்துப் பாதிரியார் தாமஸ் ஹஸ்ஸி, அப்போது கேம்பிரிட்ஜில் பேராசிரியராக இருந்த எய்ரிக்கு இதைத்தான் எழுதினார். அப்படி ஒரு கிரகம் இருக்கலாம், தோராயமாக இடம் தெரிந்தால் என் தொலைநோக்கியால் தேடிப் பார்க்கிறேன் என்றார். எய்ரி சில நாளிலேயே பதில் போட்டார், அவநம்பிக்கையாக: யுரேனஸ் இன்னும் சில சுற்றுகள் முடித்து அதன் பிசகு எப்படிப்பட்டது என்று தெளிவாகத் தெரியாமல் வெளியே இருப்பதன் இடத்தைச் சொல்லவே முடியாது. யுரேனஸ் ஒரு சுற்று முடிக்க 84 ஆண்டு ஆகும்! 1837இல் புவாரின் உடன்பிறந்தவர் மகன் யூஜின் புவார் அதே பேச்சை எடுத்தபோதும் எய்ரி கிட்டத்தட்ட அதையே சொன்னார். ஆனால் இந்த இரண்டாவது பதிலில் ஒரு விஷயம் புதிதாக இருந்தது, பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வேர் அதில்தான் இருக்கிறது.

எல்லோரும் யுரேனஸ் எந்தத் திசையில் தெரிகிறது என்பதில் உள்ள பிழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். எய்ரி தன் சொந்த அவதானங்களை வைத்து, சூரியனிலிருந்து யுரேனஸ் இருக்கும் தூரமும் அட்டவணையில் தப்பு என்று கண்டிருந்தார். அட்டவணை சொல்வதைவிட அது உண்மையில் தள்ளி இருந்தது. எவ்வளவு தள்ளி என்றால், பூமியிலிருந்து நிலவு இருக்கும் தூரத்தைவிட அதிகமாக. இதை அவர் அச்சிலும் போட்டார், பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. கிரகத்தின் தூரத்தைக் குறிக்கும் கோட்டை அவர்கள் ஆரத் திசையன் என்பார்கள், நாம் தூரம் என்றே வைத்துக்கொள்வோம். தூரத்தில் பிழை இருப்பதை எய்ரி தன் கண்டுபிடிப்பாகவே நினைத்தார், அதில் அவருக்கு ஒரு பிடிப்பு இருந்தது.

ஆடம்ஸ் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் 1819இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்தபோதே, 1841 ஜூலை 3 அன்று, பட்டம் வாங்கியதும் யுரேனஸ் சிக்கலை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று தனக்குத்தானே ஒரு துண்டுக் குறிப்பு எழுதி வைத்தார். 1843இல் கணிதத் தேர்வில் பல்கலைக்கழகத்திலேயே முதலாவதாக வந்தார். சொன்னபடியே வேலையைத் தொடங்கினார். 1844 பிப்ரவரியில் அவருக்காகக் கேம்பிரிட்ஜ் வானாய்வகத் தலைவர் ஜேம்ஸ் சாலிஸ் எய்ரியிடம் யுரேனஸ் தரவுகளைக் கேட்டு எழுதினார். 13ஆம் தேதி கேட்டார், 15ஆம் தேதி தரவு வந்துவிட்டது, அதுவும் கேட்டதைவிட அதிகமாக. எய்ரியை இளைஞர்களுக்கு உதவாத ஆள் என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு நாள் இடைவெளியைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

1845 செப்டம்பரில் ஆடம்ஸிடம் விடை இருந்தது. சாலிஸ் ஓர் அறிமுகக் கடிதம் கொடுத்தார், ஆடம்ஸ் கார்ன்வாலுக்குப் போகும் வழியில் கிரீனிச் போனார், எய்ரி அப்போது பிரான்சில் இருந்தார். திரும்பி வந்ததும் எய்ரி செப்டம்பர் 29 அன்று சாலிஸுக்கு எழுதியதை நான் இந்த வழக்கில் மிக முக்கியமான கடிதங்களில் ஒன்றாக நினைக்கிறேன். ஆடம்ஸின் ஆய்வில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு, அவரைக் கடிதம் மூலம் எனக்கு எழுதச் சொல்லுங்கள் என்றார். கதவு திறந்துதான் இருந்தது, அந்தக் கதவின் பெயர் தபால். 1840 முதல் பிரிட்டனுக்குள் எந்த ஊருக்கும் ஒரு பென்னி முத்திரை ஒட்டிக் கடிதம் போடலாம் என்ற வசதி வேறு வந்துவிட்டிருந்தது.

ஆடம்ஸ் எழுதவில்லை. அக்டோபர் 21 அன்று, முன்கூட்டிச் சொல்லாமல், நேரிலேயே போனார். முதல் முறை எய்ரி வெளியே போயிருந்தார். மறுபடி வந்தபோது வீட்டில் சாப்பாட்டு நேரம், எய்ரி பிற்பகல் மூன்றரைக்குச் சாப்பிடுகிறவர், தொந்தரவு செய்ய முடியாது என்று வேலைக்காரர் சொல்லிவிட்டார். பிந்தைய கதைசொல்லிகள் இந்தக் கதவடியில்தான் வில்லனைக் கண்டுபிடித்தார்கள். உண்மையில் எய்ரியின் மனைவி அப்போது நிறைமாத கர்ப்பிணி, ஏறக்குறைய ஒரு வாரத்தில் குழந்தை பிறந்தது. கூடவே ரயில் தண்டவாளங்களின் அகலத்தை முடிவு செய்யும் அரசுக் குழுவில் வேறு அவர் உட்கார்ந்திருந்தார். வாசலில் நின்ற ஆடம்ஸின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதும் புரிகிறது. அவர் ஒரு தாளை விட்டுவிட்டுப் போனார்.

அந்தத் தாளில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். புதுக் கிரகம் இருப்பதாக வைத்துக்கொண்டால் யுரேனஸின் பிசகு தீர்ந்துவிடுகிறது என்று ஒரு வரி. அப்புறம் எண்கள்: பூமி சூரியனிலிருந்து இருக்கும் தூரத்தைப் போல் 38.4 மடங்கு தூரம், 1845 அக்டோபர் 1இல் சராசரி இடம் 323 பாகை 34 கலை (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குதான் கலை), நிறை, பாதை எவ்வளவு நீள்வட்டம் என்பது. கீழே யுரேனஸின் பழைய அவதானங்களுக்கும் தன் கணக்குக்கும் மிச்சமாக நிற்கும் பிழைகளின் பட்டியல், எல்லாமே சின்னச் சின்ன எண்கள். அவ்வளவுதான். எப்படிக் கணக்கிட்டேன் என்பதற்கு ஒரு சொல் இல்லை. கிரகத்தை இங்கே தேடுங்கள் என்ற வேண்டுகோளும் இல்லை. எண்கள் சரியாகத்தான் இருந்தன, அவை காட்டிய இடத்துக்கும் நெப்டியூன் அன்று உண்மையில் நின்ற இடத்துக்கும் சுமார் 2 பாகைதான் வித்தியாசம், ஆனால் அது இன்று நமக்குத் தெரிகிறது, அந்தத் தாளைக் கையில் வைத்திருந்தவருக்குத் தெரிய வழியில்லை.

எய்ரி இரண்டு வாரத்தில் பதில் எழுதினார், 1845 நவம்பர் 5. நன்றி சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: இந்தப் புதுக் கிரகம் யுரேனஸின் திசைப் பிழையைத் தீர்ப்பது சரி, தூரப் பிழையையும் தீர்க்கிறதா?

இந்தக் கேள்வியைப் பலர் குருட்டுத்தனமான அதிகாரிக் கேள்வி என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் காலத்தில் யுரேனஸ் பிசகுவதற்கு இன்னொரு விளக்கமும் நடமாடிக்கொண்டிருந்தது, சூரியனிலிருந்து அவ்வளவு தூரம் போனதும் ஈர்ப்பு விதியே கொஞ்சம் மாறுகிறதோ என்பது. தெரியாத ஒரு கிரகத்தின் நிறை, தூரம், பாதை எல்லாவற்றையும் நம் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்றால் திசைப் பிழையை எப்படியாவது பொருத்திவிட முடியும். பொருத்தப் பயன்படுத்தாத இன்னோர் அளவும் தானாகப் பொருந்துகிறதா என்று கேட்பதுதான் நியாயமான சோதனை. எய்ரி பின்னால் இதை ‘தீர்ப்புச் சொல்லும் சோதனை’ என்ற பொருளில்தான் குறிப்பிட்டார். ஆடம்ஸ் பக்கம் நின்று பார்த்தால் அவரும் தப்பில்லை: திசைப் பிழை முழுதாகத் தீர்ந்துவிட்டால் தூரமும் கூடவே வந்துதான் ஆக வேண்டும், இரண்டும் ஒரே இயக்கத்தின் இரண்டு முகம், இதில் கேட்க என்ன இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. ரொம்ப நாள் கழித்து அவரே அந்தக் கேள்வி அற்பமாகத் தோன்றியது என்று சொல்லியிருக்கிறார். கணிதக்காரருக்கு அற்பமாகத் தெரிந்தது, தொலைநோக்கியோடு இருந்தவருக்கு அடித்தளமாகத் தெரிந்தது. இரண்டு பக்கத் தாளில் ஆடம்ஸ் ஒரு பதில் எழுதியிருந்தால் போதும், எய்ரிக்கு அவர் யார் என்று புரிந்திருக்கும்.

பதில் போகவில்லை. இது முதல் கடிதம்.

எட்டு மாதம் எதுவும் நடக்கவில்லை. அதே நேரத்தில் பாரிஸில் உர்பேன் லெவெரியே அதே கணக்கைத் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தார், ஒரு வேறுபாட்டோடு: முடிக்க முடிக்க அறிவியல் கழகத்தில் வாசித்து அச்சில் கொண்டுவந்தார். 1845 நவம்பர் 10 அன்று முதல் கட்டுரை, 1846 ஜூன் 1 அன்று இரண்டாவது. இரண்டாவதில் இடம் சொல்லிவிட்டார், 1847 தொடக்கத்தில் 325 பாகை. அது ஜூன் 23 அல்லது 24 வாக்கில் எய்ரி கைக்கு வந்தது. அவர் பழைய தாளை எடுத்து ஒப்பிட்டார். இரண்டுக்கும் நடுவில் சுமார் ஒரு பாகைதான். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர், வேறு வேறு நாட்டில், ஒரே இடத்தைக் காட்டுகிறார்கள். உலகத்திலேயே அந்த வாரம் இது தெரிந்த ஒரே ஆள் எய்ரிதான்.

இப்போது அவர் என்ன செய்தார்? ஜூன் 26 அன்று லெவெரியேவுக்கு எழுதினார். ஆடம்ஸிடம் கேட்ட அதே தூரக் கேள்வி, வேறு சொற்களில். ஆடம்ஸைப் பற்றி ஒரு வரி இல்லை. சரி, வெளிநாட்டுக்காரரிடம் சொல்லத் தயங்கினார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அதே நாளில் ஆடம்ஸுக்கும் ஒரு வரி எழுதவில்லை! “உங்கள் விடையை ஒரு பிரெஞ்சுக்காரர் உறுதி செய்திருக்கிறார், என் கேள்விக்குப் பதில் அனுப்புங்கள்” என்று எழுத ஐந்து நிமிடம் ஆகியிருக்குமா? எட்டு மாதம் பதில் வராததில் அவருக்கு வருத்தம் இருந்திருக்கலாம், அதுவும் மனித இயல்புதான். ஆனால் இந்த இடத்தில்தான் எய்ரியை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. 1845 நவம்பரில் அவர் கையில் இருந்தது விளக்கமில்லாத ஒரு தாள். 1846 ஜூனில் இருந்தது இரட்டைச் சாட்சி.

லெவெரியே இரண்டே நாளில், ஜூன் 28 அன்று, பதில் எழுதினார். தூரப் பிழையும் தானாகவே தீர்ந்துவிடுகிறது என்று தெளிவாக விளக்கினார். எய்ரிக்கு முழுத் திருப்தி. அந்தக் கடிதத்திலேயே லெவெரியே ஒன்று கேட்டிருந்தார், என் கணக்கில் நம்பிக்கை வைத்து நீங்கள் வானத்தில் தேடுவதாக இருந்தால், இன்னும் துல்லியமான இடம் கிடைத்ததும் உங்களுக்கு அனுப்பி வைக்கிறேன் என்று. பிரெஞ்சுக்காரர் தன் கிரகத்தை இங்கிலாந்துக்கே தூக்கிக் கொடுக்கத் தயாராக இருந்தார். அதற்கு எய்ரி பதில் போடவில்லை. தன் வெளிநாட்டுப் பயணம் நெருங்கியதால் லெவெரியேவுக்குத் தொந்தரவு கொடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டதாகப் பின்னால் சொன்னார்.

இது இரண்டாவது கடிதம். ஆடம்ஸ் பதில் போடாத கடிதத்தைப் பற்றி ஊரே பேசுகிறது, எய்ரி பதில் போடாத இந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

எய்ரி சும்மா இருந்துவிடவும் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். ஜூன் 29 அன்று கிரீனிச்சில் நடந்த மேற்பார்வைக் குழுக் கூட்டத்தில், ஒரு வானாய்வகம் முழு மூச்சாகத் தேடினால் சீக்கிரமே புதுக் கிரகம் கிடைக்க மிகுந்த வாய்ப்பு இருக்கிறது என்று சொன்னார். யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷலின் மகனும் வானியலாளருமான ஜான் ஹெர்ஷலும் சாலிஸும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். ஜூலை 2 அன்று கேம்பிரிட்ஜில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரிப் பாலத்தின் மேல் தற்செயலாக ஆடம்ஸை எதிரே பார்த்தார், சில நிமிடம் பேசினார்கள், அவ்வளவுதான். ஜூலை 9 அன்று ஈலி ஊரிலிருந்து சாலிஸுக்கு எழுதினார், கேம்பிரிட்ஜில் உள்ள நார்தம்பர்லாந்து தொலைநோக்கியால் தேடுங்கள், ஆள் இல்லை என்றால் உதவியாளரை நான் அனுப்புகிறேன் என்று. அந்தத் தொலைநோக்கியின் தாங்கு அமைப்பை வடிவமைத்ததே எய்ரிதான், ஏறக்குறைய 12 அங்குல லென்ஸ், கிரீனிச்சில் இருந்தவற்றைவிடப் பெரியது. ஜூலை 13 அன்று மறுபடி எழுதினார்: இப்போது நடக்கும் எந்த வேலையைவிடவும் இது முக்கியம், இதைத் தள்ளிப்போட முடியாது. இவை அலட்சியக்காரர் எழுதும் கடிதங்கள் இல்லை. ஆனால் எல்லாமே ஆங்கிலேயப் பேராசிரியர் வட்டத்துக்குள்ளேயே சுற்றின. ஆகஸ்ட் 10 அன்று எய்ரி ஐரோப்பாவுக்குக் கிளம்பிவிட்டார்.

சாலிஸ் ஜூலை 29 அன்று தேடத் தொடங்கினார். அவரிடம் அந்தப் பகுதிக்கு நல்ல நட்சத்திர வரைபடம் இல்லை. அதனால் 30 பாகை நீளம், 10 பாகை அகலம் உள்ள பட்டையில் தெரியும் ஒவ்வொரு நட்சத்திரத்தையும் குறித்துக்கொண்டே போய், அப்புறம் மறுபடியும் குறித்து, எது நகர்ந்தது என்று ஒப்பிடுவது என்று முடிவு செய்தார். பொறுமைக்கார வேலை. 3000க்கு மேற்பட்ட இடங்களைக் குறித்தார். ஆகஸ்ட் 4 அன்று நெப்டியூனைக் குறித்தார். ஆகஸ்ட் 12 அன்று மறுபடி குறித்தார். தெரியவில்லை! ஆகஸ்ட் 12 பட்டியலை ஜூலை 30 பட்டியலோடு ஒப்பிடத் தொடங்கியவர் முதல் 39 நட்சத்திரங்கள் வரை சரிபார்த்தார், எல்லாமே பொருந்தின, முறை சரியாக வேலை செய்கிறது என்று நிறுத்திவிட்டார். ஜூலை 30 பட்டியலில் இல்லாத பொருள் 49ஆவதாக இருந்தது. இன்னும் பத்து வரி. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

செப்டம்பர் 2 அன்று ஆடம்ஸ் ஒருவழியாக எய்ரிக்கு எழுதினார். தூரக் கேள்விக்கும் அதில் விடை இருந்தது, பத்து மாதம் தாமதமாக. கூடவே புதுக் கிரகத்தின் தூரத்தைக் கொஞ்சம் குறைத்துப் புதுக் கணக்கும் போட்டிருந்தார், இன்னும் குறைத்தால் கிரகத்தின் இடம் பல பாகை நகரும் என்றும் காட்டினார். எய்ரி ஊரில் இல்லை, முதன்மை உதவியாளர் ராபர்ட் மெயின்தான் பதில் போட்டார். செப்டம்பர் 10 அன்று சவுதாம்ப்டனில் பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றக் கழகக் கூட்டத்தில் ஹெர்ஷல், ஸ்பெயின் கரையிலிருந்து கொலம்பஸ் அமெரிக்காவைப் பார்த்ததுபோல் நாம் இந்தக் கிரகத்தைப் பார்க்கிறோம் என்று பேசினார். அழகான பேச்சு. ஆனால் அன்று கப்பலில் யாரும் ஏறவில்லை.

ஏறியது பெர்லினில். லெவெரியே ஆகஸ்ட் 31 அன்று மூன்றாவது கட்டுரை வாசித்திருந்தார், கிரகம் சின்ன வட்டத் தட்டாகத் தெரியும் அளவுக்குப் பெரிது என்பது உட்பட. பிரான்சில் யாரும் முனைந்து தேடவில்லை. அப்போது அவருக்கு ஒரு பழைய கடன் நினைவுக்கு வந்தது. பெர்லின் வானாய்வக உதவியாளர் யோகான் கால்லே போன ஆண்டு தன் ஆய்வேட்டை அவருக்கு அனுப்பியிருந்தார், அதற்கு அவர் பதிலே போட்டிருக்கவில்லை. செப்டம்பர் 18 அன்று எழுதினார். முதலில் ஆய்வேட்டுக்கு நன்றி, பாராட்டு, அப்புறம் விஷயம்: இந்த இடத்தில் தொலைநோக்கியைத் திருப்புங்கள். யாரிடம் கேட்கிறோம், என்ன செய்யச் சொல்கிறோம், எங்கே பார்க்க வேண்டும், பார்த்தால் எப்படி அடையாளம் தெரியும், எல்லாம் ஒரே கடிதத்தில். ஆடம்ஸ் கிரீனிச் வாசலில் விட்டுப்போன தாளையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எண்களின் தரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, கடிதம் என்ற முறையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

கடிதம் 23ஆம் தேதி வந்தது. இயக்குநர் என்கேவுக்கு அன்று 55ஆவது பிறந்தநாள், வீட்டில் கொண்டாட்டம், முதலில் தயங்கியவர் சரி போங்கள் என்றார். ஹைன்ரிக் தாரெஸ்ட் என்ற மாணவர் நானும் வருகிறேன் என்று சேர்ந்துகொண்டார். 9 அங்குலத் தொலைநோக்கியில் பார்த்தார்கள், தட்டு எதுவும் சட்டென்று கண்ணில் படவில்லை. வரைபடத்தோடு ஒப்பிடலாமே என்று தாரெஸ்ட் சொன்னார். வானத்தை 24 மணிப் பகுதிகளாகப் பிரித்ததில் அந்த இடம் அடங்கிய 21ஆம் பகுதிக்குப் பிரெமிக்கர் என்பவர் வரைந்த நட்சத்திர வரைபடம் அச்சாகி, இன்னும் வெளியூர்களுக்குப் போய்ச் சேராமல், பெர்லினிலேயே இருந்தது. கால்லே தொலைநோக்கியில் பார்த்து ஒவ்வொரு நட்சத்திரமாகச் சொல்ல, தாரெஸ்ட் தாளில் சரிபார்த்தார், சீக்கிரமே ஒன்று வந்தது, “அது வரைபடத்தில் இல்லை!” லெவெரியே சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்கும் குறைவான தூரம். மறுநாள் இரவு நகர்ந்திருந்தது. 25ஆம் தேதி கால்லே பாரிஸுக்கு எழுதினார்: நீங்கள் இடம் காட்டிய கிரகம் உண்மையாகவே இருக்கிறது.

சாலிஸ் 29ஆம் தேதி, பெர்லின் செய்தி தெரியாமலே, லெவெரியேவின் ஆகஸ்ட் கட்டுரையைப் படித்துவிட்டுத் தேடியபோது ஒரு பொருளுக்குப் பக்கத்தில் “தட்டு இருப்பதுபோல் தெரிகிறது” என்று எழுதிவைத்தார். அது நெப்டியூன்தான். மூன்று நாளில் லண்டன் பத்திரிகையில் செய்தி வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்த சண்டையை நான் வேகமாகக் கடந்துவிடுகிறேன், அதில் வெப்பம் அதிகம், வெளிச்சம் குறைவு. ஹெர்ஷல் அக்டோபர் 3 அன்று பத்திரிகையில் முதன்முதலாக ஆடம்ஸ் பெயரைப் பொதுவில் சொன்னார். அக்டோபர் 14 அன்று எய்ரி லெவெரியேவுக்கு எழுதினார்: இங்கிலாந்திலும் இணையான ஆய்வு நடந்தது, ஆனால் கிரகத்தின் இடத்தை உண்மையில் முன்னறிவித்தவர் நீங்கள்தான், அதில் சந்தேகம் இல்லை. லெவெரியே கொதித்துப் போனார். ஜூன் 26 கடிதத்தில் ஏன் இதைச் சொல்லவில்லை என்று அவர் கேட்டது முழுக்க நியாயம். பாரிஸ் வானாய்வகத்தின் அராகோ மேடையில் லெவெரியேவுக்காக முழங்கினார். கேம்பிரிட்ஜிலோ எதிர்ப்பக்கக் கோபம், ஆடம்ஸைக் கைவிட்டார் என்று எய்ரி மேலேயே பாய்ந்தார்கள். இத்தனைக்கும் நடுவில் ஆடம்ஸ் யாரையும் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. நவம்பர் 18 அன்று எய்ரிக்கு எழுதிய கடிதத்தில் பதில் போடாததற்கு வருத்தம்தான் தெரிவித்தார்.

1846 நவம்பர் 13 அன்று எய்ரி அரச வானியல் கழகக் கூட்டத்தில் எழுந்து, ஹஸ்ஸியின் 1834 கடிதத்திலிருந்து தொடங்கி எல்லாக் கடிதங்களையும் வரிசையாக வாசித்தார். சம்பந்தப்பட்டவர்களிடம் அனுமதி வாங்கி, தனக்குச் சங்கடமானவற்றையும் சேர்த்து. இரண்டாவது கடிதத்துக்குத் தான் பதில் போடாததும் அதில் இருக்கிறது. அவர் நேர்மையை நான் மதிக்கும் இடம் இது. கோப்பை எரிப்பது ரொம்பச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்தக் கோப்பு அப்புறம் காணாமல் போனது. 1960களில் கிரீனிச்சின் ஆவணங்களில் அது இல்லை என்று தெரிந்தது. அரச வானியலாளரின் முதன்மை உதவியாளராக இருந்த ஓலின் எக்கன் என்ற அமெரிக்க வானியலாளர் எய்ரி, சாலிஸ் பற்றி எழுதுவதற்காக எடுத்திருந்தார் என்று சந்தேகித்தார்கள், கேட்டால் அவர் தன்னிடம் இல்லை என்றார். 1998 அக்டோபரில் அவர் இறந்த பிறகு சிலியில் அவருடைய உடைமைகளுக்கு நடுவில் அது கிடைத்தது, நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள மற்ற புத்தகங்களோடும் தாள்களோடும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்துக்குத் திரும்பி வந்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டு இந்த வழக்கைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் எய்ரி 1846இல் அச்சிட்டுக் கொடுத்ததை நம்பித்தான் எழுதினார்கள் என்பதால், அது திரும்பி வந்ததும் பழைய தீர்ப்புகளை எல்லாம் மறுபடி திறக்க வேண்டியதாயிற்று. ஆடம்ஸின் கணக்கு ஒரே இடத்தில் நிற்கவில்லை, மாறிக்கொண்டே இருந்தது என்பதை ஆய்வாளர்கள் அழுத்திச் சொல்லத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். கண்டுபிடித்தவர் என்ற பெயரை லெவெரியேவோடு அவர் சரிபாதி பகிரலாமா என்ற கேள்வி அதிலிருந்து வந்தது. பகிரக்கூடாது என்பதே என் எண்ணமும். கணித்தது வேறு, அடுத்தவர் நம்பித் தேடும்படி சொன்னது வேறு.

ஆனால் கார்ன்வாலில் ஆடம்ஸ் குடும்பத்துக் காகிதங்களில் கிடைத்த ஒரு தாள் என்னை இன்னும் விடவில்லை. அது எய்ரியின் தூரக் கேள்விக் கடிதம் வந்த பிறகு ஆடம்ஸ் எழுதத் தொடங்கிய பதில். ஆக அவர் அலட்சியமாக இருந்துவிடவில்லை, உட்கார்ந்து எழுதத் தொடங்கியிருக்கிறார். தன் முறையை விளக்குகிறேன் என்று சொல்லி, முன்பு செய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்லிக்கொண்டு போகிறார், இரண்டாவது பக்கத்தில் அப்படியே நின்றுவிடுகிறது. மேலே போட்டிருக்கும் தேதி 1845 நவம்பர் 13. சரியாக ஓராண்டு கழித்து அதே தேதியில்தான் லண்டனில் எய்ரி, அந்தப் பதில் வரவே இல்லை என்பதையும் சேர்த்து, கடிதங்களை எல்லார் முன்பும் வாசித்துக்கொண்டிருந்தார்.